வேர்டு, போட்டோ, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்க இலவச வழி (இணையம் இல்லாமல்)

பெகு வாசகி:
வணக்கம். தங்கையின் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எல்லா ஆவணங்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, 10 எம்பிக்குள் கேட்கிறார்கள். கையில் இருப்பவை: ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியல், நோட்டரி முத்திரை போட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, போனில் எடுத்த குடும்பப் பட்டியல், அடையாள அட்டைப் படங்கள், வேர்டில் பர்மிய மொழியில் ஒரு பரிந்துரைக் கடிதம், கட்டங்களில் தட்டச்சு செய்து நிரப்பும் விண்ணப்பப் படிவம். மொத்தம் 22 பக்கம். மடிக்கணினியில் விண்டோஸ் 10. கரண்டும் நெட்டும் இங்கே மியன்மாரில் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே வேலை செய்கிற மென்பொருள் வேண்டும். காசு கொடுக்கிற நிலை இல்லை.

ரங்கூன் தட்டச்சர்:
வணக்கம் தங்கச்சி. பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக ஒட்டும் 'பிடிஎஃப்சாம் பேசிக்' மென்பொருள் போதும். முழுக்க இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதே நிறுவனத்தின் காசு கட்டும் பதிப்புகளும் உண்டு. நிறுவும்போது அவற்றையும் சேர்த்துப் போடவா என்று கேட்டால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒட்டுவது ஒரு நிமிட வேலை. நேரம் பிடிப்பது அதற்கு முந்தைய தயாரிப்புதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரியான பிடிஎஃப் ஆக்கிவிட்டு, பிறகு ஒட்டுங்கள்.

வேர்டு கடிதத்தை அது எந்தக் கணினியில் ஒழுங்காகத் தெரிகிறதோ, அந்தக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்க வேண்டும். காரணம் பர்மிய எழுத்து. மியன்மார் 2019 அக்டோபர் 1 அன்று உலகப் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாறியது, ஆனால் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் ஏராளம். ஜோஜியும் யூனிகோடும் ஒரே எண் வரிசையில் வேறு வேறு எழுத்துகளை வைத்திருப்பதால், ஜோஜியில் அடித்த கடிதத்தை யூனிகோடு எழுத்துரு மட்டும் உள்ள கணினியில் திறந்தால் எழுத்துகள் சிதறிப்போகும். அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் சிதறலும் அப்படியே நிலைத்துவிடும். சரியாகத் தெரிகிற கணினியில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்தால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். பிறகு எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். சந்தேகம் இருந்தால் அடோபி ரீடரில் அந்தக் கோப்பின் ப்ராப்பர்டீஸ், அதில் ஃபான்ட்ஸ் பாருங்கள். எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கடிதங்களுக்கும் இதே கதைதான்.

அடையாள அட்டையை முழு ஏ4 அளவுக்குப் பெரிதாக்க வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படத்தையும் வேர்டில் ஒரே தாளில் மேலும் கீழுமாக வைத்து பிடிஎஃப் ஆக்குங்கள்.

எல்லாம் தயாரானதும் கோப்புப் பெயர்களை 01, 02, 03 என்று தொடங்குங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் சில மென்பொருள்கள் 1, 10, 11, 2 என்று அடுக்கும். பிடிஎஃப்சாமில் 'மெர்ஜ்' திறந்து, கோப்புகளை உள்ளே இழுத்துப் போட்டு, வரிசை பார்த்து, கீழே புதுக் கோப்புக்குப் பெயர் கொடுத்து 'ரன்' அழுத்துங்கள். ஒரு கோப்பில் சில பக்கம் மட்டும் போதுமென்றால் அதன் வரிசையில் பக்க எண் இடத்தில் 1-3,5 என்று எழுதினால் அவை மட்டும் சேரும். கடவுச்சொல் உள்ள கோப்புக்குப் பூட்டுக் குறி காட்டும். கடவுச்சொல் கொடுத்தால்தான் சேர்க்கும்.

தவாய் மாணவர்:
இவ்வளவு எதற்கு அண்ணே? ஒட்டித் தருகிற இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. ஏற்றி, ஒட்டி, இறக்கினால் முடிந்தது.

ரங்கூன் தட்டச்சர்:
தம்பி, ஒரு கோயில் விழா அழைப்பிதழ் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இதில் இருப்பது அடையாள அட்டை எண், தகப்பன் பெயர், வீட்டு முகவரி, குடும்பத்தார் அத்தனை பேர் விவரம். நமக்குத் தெரியாத ஒருவருடைய சர்வரில் இதை ஏற்றக் கூடாது. அவர்கள் அழித்துவிடுகிறோம் என்று எழுதி வைத்திருந்தாலும் அழித்தார்களா என்று நாம் பார்க்க முடியாது. போதாததற்கு, பாதி ஏறும்போது நெட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மோல்மீன் அக்கா:
படிவத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதில்தான் பலருக்கும் சிக்கல் வரும். தட்டச்சு செய்யும் படிவங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. இரண்டு படிவங்களில் ஒரே பெயருள்ள கட்டம் இருந்து அவற்றை ஒட்டினால், ஒன்றில் அடித்தது மற்றதிலும் வந்து உட்காரும். மாணவி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாதுகாவலர் பெயர் வரலாம். பிடிஎஃப்சாம் மெர்ஜ் அமைப்பிலேயே படிவங்களுக்கு ஒரு தேர்வு உண்டு. அதில் 'ஃப்ளாட்டன்' வையுங்கள். கட்டங்கள் மறைந்து, அடித்த எழுத்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு திருத்த முடியாது என்பதால் நிரப்பிய மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

உலாவியில் திறந்தால் 'ப்ளீஸ் வெயிட்' என்று மட்டும் காட்டுகிற படிவமாக இருந்தால் அது வேறு வகை. அடோபி ரீடரில்தான் திறக்கும், நேராக ஒட்டினால் அந்த 'ப்ளீஸ் வெயிட்' பக்கம்தான் போய்ச் சேரும். ரீடரில் நிரப்பி, பிரின்ட் கொடுத்து, பிரிண்டர் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இது விண்டோஸ் 10-இல் கூடவே வருகிறது.

இன்னொன்று: டிஜிட்டல் கையெழுத்து உள்ள ஆவணம் ஏதாவது இருந்தால் அதை ஒட்ட வேண்டாம். கோப்பில் மாற்றம் நடந்தாலே அந்தக் கையெழுத்தின் செல்லுபடி போய்விடும். கல்லூரியிடம் கேட்டுத் தனிக் கோப்பாக அனுப்புங்கள். பேனாவால் போட்டு ஸ்கேன் செய்த கையெழுத்துக்கும் நோட்டரி முத்திரைக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

பெகு வாசகி:
மிக்க நன்றி அண்ணே, அக்கா. ஒட்டிவிட்டேன், எழுத்தும் படிவமும் சரியாக இருக்கின்றன. ஆனால் கோப்பு 31 எம்பி. ஸ்கேன் சென்டரில் இருபக்கத் தாள்களை முன்பக்கம் எல்லாம் ஒரு கோப்பாகவும், பின்பக்கம் எல்லாம் தலைகீழ் வரிசையில் இன்னொரு கோப்பாகவும் தந்திருக்கிறார்கள். அதை எப்படிக் கோர்ப்பது?

மோல்மீன் அக்கா:
கோர்ப்பதற்கு அதே மென்பொருளில் 'ஆல்டர்னேட் மிக்ஸ்' இருக்கிறது. முன்பக்கக் கோப்பு முதலில், பின்பக்கக் கோப்பு இரண்டாவது, இரண்டாவதுக்கு மட்டும் 'ரிவர்ஸ்' டிக். இதை முதலில் முடித்து, வருகிற கோப்பை மெர்ஜில் மற்றவற்றோடு சேருங்கள்.

ரங்கூன் தட்டச்சர்:
எடை கூடுவது ஒட்டியதால் அல்ல, உள்ளே இருக்கும் படங்களால். எந்தக் கோப்பு கனமானது என்று தனித்தனியாகப் பார்த்து அதை மட்டும் குறையுங்கள். எழுத்து மட்டும் உள்ள வேர்டு பிடிஎஃப் சில நூறு கேபிதான் வரும், அதைத் தொட வேண்டாம்.

ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480×3508 புள்ளிகள். 150 டிபிஐயில் 1240×1754, அதாவது கால்வாசி. படிப்பதற்கு 200 டிபிஐ தாராளம். முத்திரையில் சின்ன எழுத்து இருந்தால் அதற்குக் கீழே போக வேண்டாம். ஸ்கேன் சென்டரில் 200 டிபிஐயில் மறுபடி கேளுங்கள், முத்திரை இல்லாத தாள்களுக்கு கறுப்பு வெள்ளை போதும். அட்டைப் படங்களுக்கு வேர்டிலேயே படத்தைத் தொட்டு 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' கொடுத்து 150 தேர்ந்தெடுக்கலாம்.

குடும்பப் பட்டியலைப் போன் கேமராவில் நேராக எடுக்காமல் ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியின் 'ஸ்கேன்' வழியாக எடுங்கள். ஓரத்தை வெட்டி, நிழலைக் குறைத்து, பல தாள்களை ஒரே பிடிஎஃப் ஆகத் தரும். ஆனால் அது கூகுள் கணக்கில் போய்ச் சேமிக்கும். அது வேண்டாமென்றால் படங்களை யூஎஸ்பி கம்பி வழியே கணினிக்கு மாற்றி, அவற்றையெல்லாம் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், பிரின்ட், 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்'. அங்கே 'ஃபிட் பிக்சர் டு ஃப்ரேம்' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாளின் ஓரம் வெட்டுப்படும். வைபரில் படமாக அனுப்பி வாங்க வேண்டாம், அது தன் பாட்டுக்குச் சுருக்கிவிடும், எழுத்து மங்கும்.

தவாய் மாணவர்:
லிப்ரே ஆபீஸில் படம் வரையும் செயலியான டிராவில் பிடிஎஃப் திறந்து பக்கம் சேர்க்கலாமா அண்ணே? அது ஏற்கெனவே இருக்கிறது.

ரங்கூன் தட்டச்சர்:
வேண்டாம் தம்பி. டிரா பிடிஎஃப்பை அப்படியே வைத்திருக்காது; ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து, தன்னிடம் உள்ள எழுத்துருவைப் போட்டு மறுபடி வரையும். ஆங்கிலத்தில் அதிகம் தெரியாது, பர்மியத்திலும் தமிழிலும் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வேர்டு கடிதத்தைத் திறந்து 'எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎஃப்' கொடுப்பது வேறு, அது நன்றாக வேலை செய்யும்.

தங்கச்சி, அனுப்பும் முன் முடிந்த கோப்பை வேறு ஒருவர் போனில் திறந்து 22 பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். படுக்கையாகத் திரும்பிய தாள் இருந்தால் பிடிஎஃப்சாமில் 'ரொட்டேட்' உண்டு, அந்தப் பக்க எண்ணை மட்டும் கொடுத்து 90 டிகிரி திருப்பலாம்.