அபிளேஷன், ஆக்டிவ் சர்வேலன்ஸ்: வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சொற்கள் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

4 செ.மீ.க்கு மேற்படாத சிறுநீரகக் கட்டிக்கு என்னென்ன வழிகள் உண்டு என்பதை நோயாளிகளுக்கு ஒப்பிட்டுச் சொல்லும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தென்படுபவை என்பதால், வலியே அறியாத ஒருவர் கைக்குத்தான் இது போய்ச் சேரும். ‘சிறுநீரகத்தை முழுதும் அகற்றல்’, ‘கட்டியுள்ள பகுதியை மட்டும் அகற்றல்’ என்ற இரண்டிலும் சிக்கல் இல்லை. ஊசி போன்ற கருவியைக் கட்டிக்குள் செலுத்தி, வெப்பத்தாலோ குளிராலோ அதை இருந்த இடத்திலேயே சாகடிக்கும் அபிளேஷனும், உடனே எதுவும் செய்யாமல் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வளர்ந்தால் சிகிச்சையில் இறங்கும் ஆக்டிவ் சர்வேலன்சும்தான் படுத்துகின்றன. இப்போதைக்கு ‘நீக்கம்’, ‘தீவிரக் கண்காணிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை.

— மொழிபெயர்ப்பாளர், திருச்சி

*

வணக்கம்.

இரண்டையும் தயவுசெய்து மாற்றுங்கள். ‘நீக்கம்’ என்று படித்தவர், அடுத்த ஸ்கேனில் அந்த இடத்தில் ஏதோ தெரிவதைக் கண்டு, நீக்கிவிட்டதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்பார். செத்த திசு அங்கேயேதான் இருக்கும். மெல்லச் சுருங்கித் தழும்பாகும். பொதுவாக 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகளுக்கே இம்முறையை முதன்மையாகக் கருதுகிறோம். அறுவையைவிட, அதே இடத்தில் கட்டி மீண்டும் தலைகாட்டும் வாய்ப்பு இதில் கூடுதல். ஆனால் மறுபடியும் செய்துகொள்ளலாம்.

‘தீவிரம்’ என்றாலோ, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நினைத்து வீட்டார் பதறுவார்கள். இது அதற்கு நேர்மாறானது. இந்த அளவுக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றே அல்ல. புற்றாக இருப்பவற்றிலும் பல, ஆண்டுக்குச் சராசரியாக 3 மி.மீ. போலத்தான் வளர்கின்றன. வயது முதிர்ந்தவருக்கு, இதய நோயும் உள்ளவருக்கு, கத்தி வைப்பதால் வரும் இடர் கட்டியால் வரும் இடரைவிடப் பெரிதாக இருக்கலாம்.

— சிறுநீரக அறுவை மருத்துவர், மதுரை

*

அன்புடையீர்,

அபிளேஷனின் இலத்தீன் மூலத்துக்குச் ‘சுமந்து அப்பால் கொண்டுபோதல்’ என்பது பொருள். அப்படியானால் நேர்த்தமிழ் ‘அப்புறப்படுத்தல்’ ஆகும். மருத்துவர் சொல்வதைப் பார்த்தால் மூலச்சொல்லே நோயாளிக்குப் பொய் சொல்கிறது. ஆகவே மூலத்தை விட்டுவிட்டுச் செயலைப் பார்ப்போம். வெப்பத்துக்கும் குளிருக்கும் பொதுவான வினை தமிழில் இருக்கிறது. தீயில் பட்டது கருகுகிறது. நீலகிரியில் உறைபனி விழுந்த காலையில் தேயிலைச் செடியும் ‘கருகிவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். கருகிய செடி நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. உருகு–உருக்கு, பெருகு–பெருக்கு போல, கருகு தன்வினை, கருக்கு பிறவினை. எனவே ‘கருக்கல்’.

அடுத்ததற்கு வள்ளுவர் வழிகாட்டுகிறார். ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து’ என்னும் 490ஆம் குறளில் வரும் கொக்கு சோம்பி நிற்கவில்லை. மீன் வரும்வரை ஒடுங்கி நின்று, வந்ததும் குத்துகிறது. மருத்துவர் செய்வதும் இதுவே. ‘கூம்பல்’ என்ற ஒரு சொல் போதும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

வணக்கம்.

ஐயாவின் கொக்கு அழகு. ஆனால் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்குப் பிறகு கூம்பு என்றால் ஐஸ்கிரீம் கூம்பின் வடிவம்தான். ‘உங்களுக்குக் கூம்பல் பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற வரியைப் படித்த முதியவர் எந்தக் கருவியை எங்கே வைப்பார்களோ என்று அஞ்சமாட்டாரா?

‘கருக்கல்’ எங்கள் பக்கத்தில் விடிவதற்கு முந்தைய இருட்டு. ‘கருக்கு’ பனை மட்டையின் அரம் போன்ற விளிம்பு. இவற்றைவிடப் பெரிய இடர், விரைந்து படிப்பவர் கண்ணில் ‘கருக்கலைப்பு’ தெரிவது. ‘சுட்டழித்தல்’, ‘உறைத்தழித்தல்’ என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்திருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் ஒரே சொல்லுக்காக இவ்வளவு அல்லாடியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

— தாதியர் கல்வியாளர், யாழ்ப்பாணம்

*

உங்கள் ஊரிலேயே ‘உறைப்பு’ என்றால் காரம் அல்லவா, அம்மா? கட்டிக்கு மிளகாய் அரைத்துப் பூசுவதாக ஆகிவிடும்.

வேறொரு மறுப்பும் உண்டு. ‘கண்காணிப்பு’ வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் இந்தச் சொல்லிலிருந்து வந்தவரே. இலங்கை மலையகத்து ஹட்டனில் பிறந்த எனக்கு அதில் இன்னும் பிரம்பு தெரிகிறது. சிகிச்சை முறையிலேயே எனக்கு ஐயம் இருக்கிறது. ‘இளைதாக முள்மரம் கொல்க’, முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டு என்றும் அதே வள்ளுவர்தானே சொன்னார்?

— மென்பொருளாளர், சிங்கப்பூர்

*

முள்மரம் என்று உறுதியானால் கொல்லலாம். ஐந்தில் ஒன்று முள்மரமே இல்லை என்பதுதான் பேச்சு. சந்தேகம் வலுத்தால் ஊசியால் சிறிது திசு எடுத்துப் பார்க்கிறோம். அதிலும் சில வேளை விடை தெளிவாக வராது. எந்தச் சொல்லை வைத்தாலும் ஒன்றை மறக்கவேண்டாம்: வேறு நோய்களால் நலிந்தவருக்கு ஸ்கேன் அட்டவணை இல்லாமல், தொல்லை வந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளும் ‘காத்திருப்பு’ தனி வழி. அங்கே கட்டியை ஒழிக்கும் திட்டமே இல்லை. கையேட்டில் இவ்விரண்டும் கலந்துவிட்டால், ஸ்கேனுக்கு வரவேண்டியவர் வராமல் இருந்துவிடுவார்.

— சிறுநீரக அறுவை மருத்துவர், மதுரை

*

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு வரை வந்த மடல்களில் ‘தொடர் கண்காணிப்பு’ என்பதை ஏழு பேர் ஏற்றிருக்கிறார்கள். அவர்களில் நால்வர், இனிமேல் பேசத் தெம்பில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர் நண்பர் மன்னிக்கவேண்டும். பிரம்பில்லாத வேறு சொல் கிடைக்கவில்லை. அபிளேஷனுக்குக் ‘கட்டியைக் கருக்குதல்’ என்று வினையாகவே வைத்து, ‘வெப்பத்தால்’, ‘குளிரால்’ என்று அடைமொழி சேர்த்திருக்கிறேன். ‘கருக்கல்’ எங்கும் வராது. முதல் பக்கத்தில் ‘அபிளேஷன்’ என்ற ஒலிபெயர்ப்பும் இருக்கும், மருத்துவமனையில் அவர்கள் காதில் விழப்போவது அதுதான் என்பதால்.

— மொழிபெயர்ப்பாளர், திருச்சி

*

கருக்குதலை ஏற்றமைக்கு மகிழ்ச்சி. ‘தொடர்’ என்பதில் பார்ப்பது மட்டுமே இருக்கிறது, குத்துவது இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது கூம்பலை மறுபடியும் எடுப்பேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்