அதே ஸ்டீம், அதே ரீஃப்ளக்ஸ், ஆனா டவர் வேற: உங்களுக்கு நடந்திருக்கா?

சி_ஷிப்ட்_கடலூர்:
சிப்காட், சால்வென்ட் ரெகவரி. மெத்தனாலையும் என்-புரொப்பனாலையும் கொதிக்க வச்சுப் பிரிக்கிற டவர். நைட் ஷிப்ட்ல கரண்ட் ஒரு வெட்டு வெட்டுச்சு, பாய்லர் டிரிப். ஸ்டீம் வந்ததும் ஃபீடு, ரீஃப்ளக்ஸ் (மேல குளிர்ந்ததுல திரும்ப டவருக்குள்ள விடுறது), ஸ்டீம் மூணையும் லாக்புக்ல இருந்த நம்பருக்கே கொண்டுவந்துட்டேன். நடு ட்ரே (டவருக்குள்ள இருக்கிற தட்டு) 70 டிகிரி காட்டணும். 84ல போய் உக்காந்துடுச்சு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. மேல வர்ற மெத்தனால்ல புரொப்பனால் வாசனை. இன்சார்ஜ் "ஆர்டிடி போச்சுப்பா"ன்னார். அந்த டெம்பரேச்சர் சென்சாரை மாத்தினோம். புதுசும் அதே 84! விடியற நேரம் ரீஃப்ளக்ஸைக் கொஞ்சம் ஏத்தி வச்சு, மறுபடி பழைய நம்பருக்கே இறக்கினேன். 70க்கு வந்து நின்னுடுச்சு. அதே நம்பருக்கு டவர்ல ரெண்டு நிலை இருக்குமா? இன்னும் மண்டையைக் குடையுது.

சேதராப்பட்டு_ஆபரேட்டர்:
ரெண்டு நிலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீப்பிங், அதாவது ட்ரே ஓட்டை வழியா திரவம் கீழ ஒழுகுறது. எங்க புதுச்சேரி பிளான்ட்லயும் ஸ்டீம் போய் வந்தப்ப டவுன்கமர் (ட்ரேல இருந்து திரவம் கீழ இறங்குற வழி) சீல் பிடிக்காம ட்ரே எல்லாம் ஒழுகுச்சு. டெல்டா-பி (டவரோட மேல-கீழ பிரஷர் வித்தியாசம்) பாத்தீங்களா?

சி_ஷிப்ட்_கடலூர்:
பாத்தேன் தலைவா. வழக்கம்போலத்தான் இருந்துச்சு.

பழைய_பிராசஸ்:
வீப்பிங்னா டெல்டா-பி காட்டிக் கொடுத்திருக்கும், அதை விடுங்க. தம்பி, ரீஃப்ளக்ஸ் மீட்டர் கிலோவுலதானே? மெத்தனால் மூலக்கூறு எடை 32, புரொப்பனால் 60. மேல புரொப்பனால் கலந்துட்டா, அதே கிலோவுக்கு மோல் (மூலக்கூறு எண்ணிக்கை) குறையும். மோல் கணக்குல ரீஃப்ளக்ஸ் குறைஞ்சா மேல இன்னும் அழுக்காகும். தன்னையே தள்ளிக்கிட்டுப் போய் வேற இடத்துல நிக்கும். வால்யூம் மீட்டர்னாலும் இதே கதைதான். 1991ல ஜேக்கப்சன், ஸ்கோகெஸ்டாட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கணக்குப் போட்டே காட்டிட்டாங்க. நாங்க ஆல்கஹால்ல தண்ணி எடுக்க சைக்ளோஹெக்ஸேன் போட்டு ஓட்டினப்பவும் டவர் இப்படி இடம் மாறி உக்காந்திருக்கு. அது வேற காரணம், பெரிய கதை.

கேக்கலேன்னாலும் சொல்றேன். ஸ்டீமையும் ரீஃப்ளக்ஸையும் சேத்து மேனுவல்ல பூட்டி வைக்காதீங்க. டெம்பரேச்சர் நல்லா ஆடுற ட்ரேயா ஒண்ணு பாத்து, அந்த டெம்பரேச்சரை ஸ்டீம் வால்வோட லூப்ல போடுங்க. 84க்குப் போகப் பாத்தா ஸ்டீமைக் குறைச்சு இழுத்துட்டு வந்துடும். ட்யூனிங்கை அவசரப்பட்டு டைட் பண்ணாதீங்க. ஸ்டார்ட்-அப்ல முதல்ல டோட்டல் ரீஃப்ளக்ஸ்ல (மேல வர்றது எல்லாத்தையும் திருப்பி உள்ள விட்டு) வச்சு மேல சுத்தமானப்புறம்தான் ப்ராடக்ட் எடுக்கணும். லாக்புக்ல மீட்டர் நம்பர் மட்டும் எழுதினா பத்தாது, ட்ரே டெம்பரேச்சர் எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க.

சேதராப்பட்டு_ஆபரேட்டர்:
எல்லாம் சரிண்ணே, அவங்க டவர்ல ஆர்டிடியே நடுவுல ஒண்ணுதான் இருக்கும்போல. எத்தனை ட்ரேல பாயின்ட் இருக்குன்னு முதல்ல கேளுங்க.

சி_ஷிப்ட்_கடலூர்:
மேல, நடு, கீழ. அவ்ளோதான். கோரியாலிஸ் மீட்டர்ணே, எடையை நேரா அளக்குறது, கிலோவுலதான் காட்டுது.