மோர்மன்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா?

வாசுகி_லீஹை:
நான் இருப்பது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் லீஹை என்கிற ஊர். ஊர்ப் பெயரே மோர்மன் வேதத்திலிருந்து எடுத்ததுதான். கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பி, கடல் தாண்டி அமெரிக்கா வந்து சேர்ந்தார் என்று அவர்கள் நம்பும் தீர்க்கதரிசியின் பெயர் அது. போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று அவர்கள் சபைக்குப் போனேன். தேடிப் பார்த்தேன், ஒரு சிலுவைகூட இல்லை. சம்பளம் வாங்கும் பாதிரியாரும் இல்லை. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையன்கள் டை கட்டிக்கொண்டு, தட்டில் பிய்த்த ரொட்டியும் குட்டிக் கோப்பைகளில் தண்ணீரும் வரிசை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். திராட்சை ரசம் கிடையாது, வெறும் தண்ணீர்தான்.

ஊரில் இருக்கும் சி.எஸ்.ஐ. தோழியிடம் சொன்னேன். "அவங்க கிறிஸ்தவங்களே இல்லடி" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாவோ, "எங்கள் சபையின் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறாரே" என்கிறார். எது சரி? நான் இந்து. இந்தப் பங்காளிச் சண்டை எனக்குப் புரியவில்லை.

பாளை_ஜெபா:
உங்கள் தோழி சொன்னதுதான் சரி சிஸ்டர். பெயர்ப்பலகையில் என்ன எழுதினாலும் உள்ளே இருக்கும் உபதேசம்தானே முக்கியம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பது எங்கள் அடிப்படை. அவர்களுக்கு இந்த மூவரும் தனித்தனி ஆட்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று. அதோடு பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டாம். இந்தச் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் 1844 ஏப்ரலில், சாவதற்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், தேவனே ஒரு காலத்தில் நம்மைப் போல் மனுஷனாக இருந்தவர் என்று பிரசங்கம் பண்ணினார். மனுஷனும் தேவனைப் போல் ஆகலாமாம். இதைப் போய்க் கிறிஸ்தவம் என்றால் நாங்கள் படித்தது என்ன? வானத்திலிருந்து ஒரு தூதனே வந்து வேறு சுவிசேஷம் சொன்னாலும் நம்பாதே என்று கலாத்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் சொல்லிவிட்டார். இவர்கள் கதை தொடங்குவதே ஒரு தூதனில்தான்.

ஸ்டீபன்_பெங்களூர்:
நான் அந்தச் சபையின் உறுப்பினர். முதலில் ஒன்று: 2018இலிருந்து எங்களை 'மோர்மன்' என்று அழைக்க வேண்டாம் என்று அப்போது எங்கள் தலைவராக இருந்த ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் பெயர். நீளம்தான், தெரியும். இங்கே யாரும் தட்டச்சு செய்யப் போவதில்லை என்பதும் தெரியும்.

ஜெபா அண்ணே, நீங்கள் சொன்ன உபதேசங்கள் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் திரித்துவத்தை நீங்கள் சொல்லும் வடிவம் 325இல் நைசீயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் பேசத் தொடங்கி அப்புறம் முழுமையானது. பேதுருவும் யோவானும் அந்த வார்த்தைகளில் பேசவில்லை. எங்கள் விசுவாசப் பிரமாணங்கள் பதின்மூன்று. முதலாவது, பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் நம்புகிறோம் என்பது. மூன்றாவது, கிறிஸ்துவின் பாவநிவாரண பலியால் மனுக்குலம் முழுவதும் இரட்சிக்கப்படலாம் என்பது. இயேசு எனக்காக மரித்தார், உயிர்த்தெழுந்தார். இதைச் சொல்கிறவன் கிறிஸ்தவன் இல்லை என்றால் வேறு யார்?

கல்வெட்டு_பித்தன்:
இரண்டு பேரும் தேவனுக்கு எலும்பு உண்டா இல்லையா என்று அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆதாரம் வேண்டும். 1823இல் நியூயார்க் மாநிலத்து பால்மைரா பக்கம் மரோனி என்ற தூதன் ஸ்மித்திடம் வந்து, குன்றில் தங்கத் தகடுகள் புதைந்திருப்பதாகச் சொன்னானாம். 1827இல் எடுத்தார்களாம். எழுத்து 'சீர்திருத்தப்பட்ட எகிப்தியம்' என்கிறார்கள். அப்படி ஒரு எழுத்துக்கு மண்ணுக்கடியிலிருந்து இன்றுவரை ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. தகடுகளைத் தூதனே திருப்பி வாங்கிக்கொண்டானாம். ஒரு நடுகல்லில் நாலு எழுத்து மழுங்கியிருந்தாலே நாங்கள் மாதக்கணக்கில் சண்டை போடுவோம்.

அந்தத் தகடுகளை ஸ்மித் மோர்மன் வேதமாக மொழிபெயர்த்த விதம் இன்னும் வேடிக்கை. தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, வெளிச்சம் புகாமல் முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகச் சொல்வார். எதிரே ஒருவர் எழுதுவார். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தக் கல்லின் படத்தைச் சபையே 2015இல் வெளியிட்டது. முட்டை அளவில் பழுப்புக் கல்.

ஸ்டீபன்_பெங்களூர்:
தகடுகளைக் கண்டதாகப் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் முக்கியமான மூன்று பேரும் பின்னால் ஸ்மித்தோடு பிணங்கிச் சபையை விட்டு விலகினார்கள். கோபத்தில்கூட 'நாங்கள் பார்த்தது பொய்' என்று அவர்கள் சொல்லவில்லை. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

கல்வெட்டு_பித்தன்:
மூன்று பேர் விஷயம் யோசிக்க வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி எட்டுப் பேர் பட்டியலைப் பாருங்கள். நான்கு பேர் விட்மர் சகோதரர்கள், ஒருவர் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை. மற்ற மூவர் ஸ்மித்தின் அப்பாவும் தம்பி ஒருவரும் அண்ணனும். பத்திரத்துக்குச் சாட்சி போட மச்சானைக் கூட்டிவந்த கதை.

தகடு இல்லை, சரி. பாப்பிரஸ் இருக்கிறதே? 1835இல் மம்மிகளோடு ஊர் ஊராக வந்த ஒரு வியாபாரியிடம் எகிப்தியச் சுருள்களை வாங்கினார்கள். ஸ்மித் அதிலிருந்து 'ஆபிரகாமின் புத்தகம்' எழுதினார். அமெரிக்காவில் அந்த எழுத்தை வாசிக்க அன்று யாரும் இல்லை. சுருள்கள் தீயில் போய்விட்டன என்றுதான் நினைத்திருந்தார்கள். 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மிஞ்சிய துண்டுகளைச் சபையிடம் கொடுத்தது. வாசித்துப் பார்த்தால் அது ஹோர் என்ற பூசாரியோடு புதைத்த ஈமச்சடங்கு ஏடு. ஆபிரகாம் பெயரே அதில் இல்லை. எங்கள் துறையில் ஒருவர் இப்படி ஒரு கல்வெட்டை வாசித்திருந்தால் அப்புறம் யாரும் அவரை மாநாட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஸ்டீபன்_பெங்களூர்:
அந்தத் துண்டுகளில் ஆபிரகாம் இல்லை என்பதைச் சபையும் 2014இல் கட்டுரை போட்டு ஒப்புக்கொண்டது. காணாமல் போன பகுதியில் இருந்திருக்கலாம் என்பார் சிலர். சுருள் ஒரு தூண்டுதல், வெளிப்பாடு தேவனிடமிருந்து வந்தது என்பார் வேறு சிலர். எனக்கு இரண்டாவது பொருந்துகிறது. உங்களுக்குப் பொருந்தாது, அதுவும் புரிகிறது. நான் சபையில் சேர்ந்தது பாப்பிரஸைப் பார்த்து இல்லை.

மரிய_செல்வி:
நான் கத்தோலிக்கப் பெண். வாசுகி கேட்ட கேள்விக்கே திரும்பி வருகிறேன். வத்திக்கான் 2001இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: இவர்கள் கொடுக்கும் திருமுழுக்கு செல்லாது. பிராட்டஸ்டண்டு சபையிலிருந்து யாராவது எங்களிடம் வந்தால் பொதுவாகத் திரும்ப முழுக்குக் கொடுப்பதில்லை, இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவி என்று சொல்லும் சொற்கள் ஒன்றுதான், பொருள் வேறு என்பது காரணம்.

ஆனால் ஜெபா, இது ஒருவழிப் பாதை இல்லை. 1820இல் பதினான்கு வயதுப் பையனாக இருந்த ஸ்மித் தோப்பில் முழங்காலிட்டு 'எந்தச் சபை சரி' என்று கேட்டபோது, 'எதிலும் சேராதே, எல்லாம் தவறு' என்று பதில் வந்ததாகத்தானே அவர்கள் கதை? அப்போஸ்தலர்களோடு அதிகாரம் போய்விட்டது, 1830 ஏப்ரல் 6இல்தான் சபை மீண்டது என்கிறார்கள். நம் முழுக்கும் அவர்களிடம் செல்லாது. 'நாங்களும் கிறிஸ்தவர்கள்' என்று நம்மிடம் கேட்கிறவர்கள், நம் பாட்டன் பூட்டன் வாங்கிய ஞானஸ்நானத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஸ்டீபன், இது உங்களுக்கு உறுத்தவில்லையா?

ஸ்டீபன்_பெங்களூர்:
உறுத்தியது. அதற்கு எனக்குக் கிடைத்த பதில்தான் என்னை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. என் பாட்டி கிறிஸ்துவின் பெயரையே கேட்காமல் செத்துப்போனவர். முன்பு நான் போன சபையில் ஒரு பாஸ்டரிடம் அவர் கதி என்ன என்று கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுத மனம் இல்லை. எங்கள் நம்பிக்கையில் இறந்தவர்களுக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்படுகிறது. கோயிலில், பன்னிரண்டு எருதுச் சிலைகள் முதுகில் தாங்கும் தொட்டியில் இறங்கி, பாட்டியின் பெயரைச் சொல்லி அவருக்குப் பதிலாக யாராவது முழுகலாம். ஏற்பதும் மறுப்பதும் பாட்டியின் இஷ்டம். மோட்சம் மூன்று மகிமைகளாக இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதாவது ஒன்று உண்டு. நிரந்தர இருளுக்குப் போகிறவர்கள் வெகு சிலர்.

வாசுகி_லீஹை:
ஸ்டீபன் சார், இதைப் படித்ததும் ஆடி அமாவாசைக்கு அப்பா ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விடுவதுதான் ஞாபகம் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாளை_ஜெபா:
பார்த்தீர்களா, அவர்களே சொல்லிவிட்டார்கள்! மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் என்பது 1 கொரிந்தியர் 15:29 என்ற ஒரே ஒரு வசனத்தில் போகிறபோக்கில் வருகிறது, பவுல் அதைச் செய்யச் சொல்லவில்லை. அதன்மேல் இவ்வளவு பெரிய கட்டடம்.

மரிய_செல்வி:
கேட்டுச் செய்தால் அன்பு, கேட்காமல் செய்தால்? நாஜி முகாம்களில் இறந்த யூதர்களின் பெயரில்கூட இப்படி முழுகினார்கள். யூத அமைப்புகள் கொதித்ததால், 1995இல் நிறுத்துவதாகச் சபை ஒப்பந்தம் போட்டது. அதற்கு அப்புறமும் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. யூதராக இருந்ததற்காகவே கொல்லப்பட்டவரைச் செத்த பிறகும் விட மாட்டேன் என்பது எனக்குச் சகிக்கவில்லை.

ஸ்டீபன்_பெங்களூர்:
அது தவறு. சாக்குச் சொல்ல மாட்டேன். சொந்த முன்னோர் பெயரை மட்டும் கொடுங்கள் என்பதுதான் விதி.

கல்வெட்டு_பித்தன்:
தவறுகள் பட்டியலில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பலதார மணத்தை 1890இல் அரசாங்கம் கழுத்தை நெரித்த பிறகு விட்டார்கள். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், கூடாது என்ற தடையை 1978 ஜூனில்தான் நீக்கினார்கள். உயிரோடிருக்கும் தீர்க்கதரிசிக்குத் தேவன் நேரே பேசுகிறார் என்றால், இந்த விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

ஸ்டீபன்_பெங்களூர்:
இந்தக் கேள்வியை நானும் ஜெபத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

வாசுகி_லீஹை:
ஒருவர் 'நாங்கள்தான் அசல்' என்கிறார், இன்னொருவர் 'நீங்கள் கிளைகூட இல்லை' என்கிறார். ஆக, யாரிடம் கேட்கிறோமோ அதைப் பொறுத்துப் பதில் மாறும். சரி, புரிந்தது. இப்போது அவசரமான விஷயம்: வருகிற திங்கள் அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். டீ, காபி தொட மாட்டார்களாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் கையில் எப்போதும் ஒரு வாளி அளவுக் கோலா இருக்கிறதே? சுக்கு காபி கொடுக்கலாமா?

ஸ்டீபன்_பெங்களூர்:
1833இல் வந்த ஞானவார்த்தை என்ற எங்கள் உணவு விதி மதுவையும் புகையிலையையும் 'சூடான பானங்களையும்' விலக்கச் சொல்கிறது. சூடான பானம் என்றால் டீயும் காபியும் என்று தலைவர்கள் விளக்கினார்கள். கோலா அதில் வராது. (பித்தன் சிரிப்பது இங்கே கேட்கிறது.) சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மூலிகை, காபித்தூள் போடாவிட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் 'காபி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பாளை_ஜெபா:
கருப்பட்டி எங்கள் பக்கத்து உடன்குடிச் சரக்காக இருக்கட்டும் சிஸ்டர். திரித்துவம் பற்றி ஸ்டீபன் பிரதருக்கு நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இன்னும் முடியவில்லை.