மறு: 'சோஷியல் டெமாக்ரசி'க்குத் தமிழ்: பகிர்நல மக்களாட்சி?

குழு நண்பர்களுக்கு வணக்கம். தனியுடைமையைப் பெரும்பாலும் விட்டுவைத்து, வரி வழியாக நலத்தைப் பகிரும் ஐரோப்பிய அரசியல் கொள்கையான 'சோஷியல் டெமாக்ரசி'க்கு 'பகிர்நல மக்களாட்சி' என்ற புதுச்சொல்லை முன்மொழிந்தேன்; அதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'சமூக ஜனநாயகம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா, ஆனால் வேறு பொருளில். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அடியில் சமூக ஜனநாயகம் இல்லாவிட்டால் அரசியல் ஜனநாயகம் நிலைக்காது என்றார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் வாழ்க்கை நெறியாகக் கொள்வதையே அவர் அப்படிக் குறித்தார். அந்தத் தொடரைப் படிக்கும் தமிழருக்குச் சாதிதான் நினைவுக்கு வரும், சுவீடனின் வரிவிதிப்பு வராது. அந்தப் பொருளை அங்கேயே விட்டுவிடுவோம். பொருளாதாரம் எழுதுகிறவர் வேறு சொல் தேடிக்கொள்ளட்டும்.

ஐரோப்பாவிலும் இந்தப் பெயர் ஓரிடத்தில் நின்றதில்லை. லெனினின் கட்சியே 1918 வரை சமூக ஜனநாயகப் பெயரைத்தான் சுமந்தது. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1891இல் எர்ஃபுர்ட் நகரில் மார்க்சியத் திட்டத்தை ஏற்றது; 1959இல் பாட் கோடஸ்பெர்கில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, இயன்ற அளவு போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது. பெயர்ப்பலகை மட்டும் அதேதான்! எனவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் பயனில்லை. இன்று அது எதைக் குறிக்கிறதோ அதற்குப் பெயரிடுவோம்.

> அப்படியானால் 'நல முதலாளித்துவம்' போதுமே.

அம்மையாரின் சொல் கச்சிதமானது. ஆனால் அதற்குள் ஜெர்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். 1878இல் சோசலிஸ்டுகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்தவர் அவர்; 1883இல் நோய்க் காப்பீட்டையும் 1884இல் விபத்துக் காப்பீட்டையும் 1889இல் முதியோர் ஓய்வூதியத்தையும் கொண்டுவந்தவரும் அவரே. தொழிலாளிக்கு மருந்து உண்டு, வாய் திறக்க அனுமதி இல்லை. மேலிருந்து வழங்கப்படும் நலமும் பேரம் பேசிப் பெற்ற நலமும் ஒன்றாகிவிடுமா?

சுவீடனில் 1938ஆம் ஆண்டின் சால்ட்ஷேபாடன் உடன்பாட்டைப் பாருங்கள். முதலாளிகளின் கூட்டமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆலைகள் பெரும்பாலும் தனியாரிடமே இருந்தன. ஜெர்மனி இன்னும் சுவையானது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு. வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. தலைவர் யார் என்பதில் இழுபறி வந்தால் முடிவு செய்வது பங்குதாரர் தரப்பு. மேசையில் பாதி இடம், ஆனால் கடைசிச் சொல் உடைமையாளருக்கு. இந்த ஏற்பாட்டின் சாரமும் (இடதுசாரிகள் இதன்மேல் கொள்ளும் எரிச்சலும்) அந்த ஒரு விதியிலேயே அடங்கியிருக்கிறது.

ஆக, உடைமை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, வருமானம் வரி வழியாகவும் அதிகாரம் பிரதிநிதித்துவம் வழியாகவும் பகிரப்படுகிறது. அதனால்தான் 'பகிர்நல மக்களாட்சி' என்று முன்மொழிகிறேன். 'பகிர்நலம்' வினைத்தொகை, பகிர்ந்த, பகிர்கின்ற, பகிரும் என மூன்று காலத்துக்கும் ஒத்துவரும். பகிர்நலவாதி, பகிர்நலக் கொள்கை, பகிர்நல அரசியல் என்று கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன.

பிரிட்டனில் தொழிற்கட்சி 1947இல் நிலக்கரியையும் 1948இல் ரயிலையும் அரசுடைமை ஆக்கியதே என்று கேட்பீர்கள். உண்மைதான். இரண்டும் பின்னர் தனியாரிடம் போயின. அதே 1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையோ இன்றும் பெரும்பாலும் பொதுவரிப் பணத்தில்தான் நடக்கிறது. அரசுடைமையை அந்த மரபின் கருவிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். இலக்கணமாகக் கொள்ள முடியாது.

'டெமாக்ரடிக் சோஷியலிசம்' தனிச் சிக்கல். உடைமையே கைமாற வேண்டும் என்பவர்களின் கொள்கை அது. எனவே 'மக்களாட்சிச் சமவுடைமை' பொருந்தும். ஆனால் 1978 முதல் இலங்கையின் அதிகாரபூர்வப் பெயரிலேயே 'ஜனநாயக சோசலிசக் குடியரசு' இருக்கிறது. அதில் நாம் கைவைக்க வேண்டாம். கட்சிப் பெயர்களிலும் அப்படியே: ஜெர்மனியின் கட்சி சமூக ஜனநாயகக் கட்சியாகவே இருக்கட்டும், அதன் கொள்கையை விளக்கும் வரியில் மட்டும் பகிர்நலம் வரட்டும்.