பேரனிடம் ஓசிஐ அட்டை இருக்கிறது: ஏற்காட்டுத் தோட்டத்தை அவனுக்கு எழுதி வைக்க முடியுமா?

நாகலூர் விவசாயி (கேள்வி)

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் உள்ளது. சில்வர் ஓக் நிழலில் என் தகப்பனார் வைத்த செடிகள் இன்றும் காய்க்கின்றன. என் மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே தங்கிவிட்டான். 2007-இல் நியூ ஜெர்சியில் பிறந்த பேரனுக்கு எங்கள் வழியில் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை கிடைத்தது. அதன் பெயரிலேயே 'இந்தியக் குடிமகன்' என்று இருப்பதால், அவனை இரு நாட்டுக் குடிமகன் என்றே எண்ணியிருந்தேன். மார்கழி விடுமுறையில் வந்து பழம் பறிப்பவர்களோடு நாள் முழுக்க நிற்பவன் அவன் ஒருவனே. எனக்கு 76 வயதாகிறது. என் காலத்திலேயே தோட்டத்தை அவனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட விரும்பினேன். அது செல்லாது என்று ஒருவர் சொல்கிறார். உண்மைதானா? அந்த அட்டையால் அவனுக்கு என்ன உரிமை, என்ன கடமை?

பத்திர எழுத்தர், சேலம்

ஐயா, உங்களிடம் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசியலமைப்பின் 9-வது பிரிவும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவும், தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்கின்றன. ஓசிஐ என்பது பெயரில் குடியுரிமையாக இருந்தாலும், நடைமுறையில் ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகவும், தங்கவும், பெரும்பாலான வேலைகளைச் செய்யவும் தரப்படும் அனுமதியே ஆகும். வாக்குரிமையும் அரசுப் பணியும் அதில் இல்லை.

நிலத்தைப் பொறுத்தவரை வீடும் கடையும் வாங்கலாம். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் ஓசிஐ அட்டைதாரர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. பத்திரம் பதிவாகிவிட்டாலும் அந்தக் குறை நீங்காது. பிற்காலத்தில் விற்கப் போகும்போது பேரன்தான் சிக்கிக்கொள்வான்.

அதே விதிகள் வாரிசுரிமையைத் தடுக்கவில்லை என்பதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் வசிக்கும் உங்களிடமிருந்து உயில் மூலம் தோட்டம் அவனுக்குச் சேரலாம். எனவே செட்டில்மென்ட் வேண்டாம், உயில் எழுதுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். இன்னொன்று, பிற்காலத்தில் அவன் விற்க நினைத்தால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க முடியும்.

கணக்காளர், ஃபேர்லேண்ட்ஸ்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கடமைப் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் நம் ஊரில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கே வசித்தாலும் அவர்களது உலகளாவிய வருமானத்துக்கு வரி கேட்கும் நாடு. விவசாய வருமானத்துக்கு இங்கே மத்திய வருமான வரி இல்லை என்றாலும் (பழத்தைப் பறித்துப் பதப்படுத்தி விற்றால் 25 சதவீதத்துக்கு உண்டு), தோட்டம் கைக்கு வந்தபின் அதன் வருமானத்தைப் பேரன் அங்கே காட்டியாக வேண்டும். இங்குள்ள வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை தர வேண்டும். ஒரே ஆண்டில் வெளிநாட்டவரிடமிருந்து 1,00,000 டாலருக்கு மேல் வாரிசுரிமையாக வந்தால் அதற்கு இன்னொன்று. பின்னதற்குப் பெரும்பாலும் வரி இராது, ஆனால் தெரிவிக்காமல் விட்டால் அபராதம் கடுமையானது. உங்கள் மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஏற்காடு ஆசிரியை

என் நிலை இதற்கு நேர்மாறானது. நான் இந்தியக் குடிமகள். என் பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர். பாட்டியோ தாத்தாவோ அங்கே பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்து அந்நாட்டுக் குடியுரிமை பெறலாம். அந்தத் தாள் கையில் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கும் வசித்து வேலை செய்யலாம். ஆவணங்களையெல்லாம் திரட்டிய பிறகுதான், அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்றாலும் இந்தியா ஏற்காது என்பதையும், பதிவான நாளிலேயே என் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் உணர்ந்தேன். பதிவு செய்வதும் நம் சட்டத்தின் கண்ணில் 'விரும்பிப் பெறுவது'தான். அதன்பின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அங்கே குடியேறினால், என் வீட்டை ஒட்டிய சிறு காப்பி நிலத்தை வாங்கும் எண்ணத்தையும் விட வேண்டும். நான் விண்ணப்பிக்கவில்லை. இளையவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாகலூர் விவசாயி

அனைவருக்கும் நன்றி. உயிலே எழுதுகிறேன். பேரனுக்கு இப்போது 18 வயது. அட்டையை எப்போதாவது புதுப்பிக்க வேண்டுமா?

பத்திர எழுத்தர், சேலம்

20 வயதுக்குப் பிறகு அவன் முதன்முறை புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போது அட்டையையும் ஒருமுறை மாற்றி வாங்க வேண்டும், ஐயா. உயிலில் தோட்டத்தின் சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் பட்டாவில் உள்ளபடியே எழுதுங்கள்; பேரனின் பெயர் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் இருக்கட்டும்.