தேர்வுப் பக்கத்தில் கடிகாரம் விடாமல் பேசுகிறது, கேள்வி காதில் விழவில்லை. உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். எனக்குப் பார்வை அறவே இல்லை. விண்டோஸில் என்விடிஏ திரைவாசிப்பானும் குரோமும் பயன்படுத்துகிறேன். கல்லூரியின் இணையத் தேர்வுப் பக்கத்தில் ஓடும் கடிகாரம் "29 நிமிடம் 14 விநாடி, 29 நிமிடம் 13 விநாடி" என்று விநாடிக்கு விநாடி குறுக்கே பேசுகிறது. ஒரு கேள்வியைக்கூட முழுசாகக் கேட்க முடியவில்லை. சமன்பாடு வரும் இடத்தில் "படம்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. அடுத்த வாரம் தேர்வு. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் கடிகாரத்தின் வாயை அடைப்போம். இன்சர்ட் விசையைப் பிடித்தபடி எழுத்துகளுக்கு மேல் வரிசையில் உள்ள 5-ஐத் தட்டுங்கள், நம்பர் பேடில் உள்ளதை அல்ல. பக்கத்தில் தானாக மாறும் விஷயங்களை வாசிப்பது நின்றுவிடும். நேரம் தெரியவேண்டும்போது இன்சர்ட், கண்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கடிகாரத்தில் வரும் ஒரு சொல்லைத் தேடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். "விடை சேமிக்கப்படவில்லை" போன்ற எச்சரிக்கைகளும் இதனால் காதில் விழாமல் போகலாம். ஒவ்வொரு விடையும் பதிவானதா என்று நீங்களே பாருங்கள். தேர்வு முடிந்ததும் அதே விசைகளால் திரும்ப இயக்கிவிடுங்கள்.

சமன்பாட்டுக்கு இன்சர்ட், ஆர் அழுத்தினால் படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் வசதி உண்டு. ஆனால் கணக்கில் அதை நம்ப வேண்டாம். எக்ஸ் ஸ்கொயரை வெறும் "எக்ஸ் 2" என்று படித்தால் விடையே மாறிவிடும்.

பதில் 2:
பாடப் பக்கங்கள் வடிவமைப்பது என் வேலை. இந்தக் கோளாறுகளைச் சரிசெய்ய வேண்டியது பக்கத்தை உருவாக்கியவர்கள்தான், மாணவர் அல்ல. கடிகாரம் 10 நிமிடம் இருக்கும்போது ஒருமுறை, 5 நிமிடம் இருக்கும்போது ஒருமுறை சொன்னால் போதும். சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் மேத்எம்எல் வடிவில், அதாவது கணிதக் குறிகளை வலைப்பக்கத்தில் குறியீடாகவே எழுதும் முறையில், தரச் சொல்லுங்கள். மேத்கேட் என்ற கணித வாசிப்பு வசதி இருந்தால் என்விடிஏ அதை உறுப்பு உறுப்பாக வாசிக்கும். தேர்வு மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் நடந்தால், ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டவும் ஆசிரியரால் முடியும். இன்றே எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.

கேட்டவர்:
5 வேலை செய்கிறது! கேள்வியை இப்போது முழுசாகக் கேட்க முடிகிறது, ரொம்ப நன்றி. மேத்எம்எல், கூடுதல் நேரம் இரண்டையும் கேட்டு ஆசிரியருக்கு எழுதிவிட்டேன்.

பதில் 2:
நல்லது. அப்படியே ஒரு மாதிரித் தேர்வும் கேளுங்கள், அதில் சமன்பாடு கட்டாயம் இருக்கட்டும். உங்கள் என்விடிஏவில் மேத்கேட் இல்லையென்றால் அதற்கு முன்பே நிறுவிப் பழகிக்கொள்ளுங்கள்.