புது ரேம் போட்டதிலிருந்து புளூ ஸ்கிரீன்: ரேமா, டிரைவரா?

கேள்வி

ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, விண்டோஸ் 10. ஏற்கெனவே இருந்த 8 ஜிபி டிடிஆர்4 3200 வேக ரேமோடு 8 ஜிபி 2666 வேகத்தில் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதற்கென்று குறித்த கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன். தினமும் இரண்டு மூன்று தடவை புளூ ஸ்கிரீன். ஒரு தடவை "மெமரி மேனேஜ்மென்ட்", அடுத்து "ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்", நேற்று "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா". அதே வாரம் கிராஃபிக்ஸ் டிரைவரும் அப்டேட் ஆனது. விண்டோஸை மறுபடி போட்டுவிடலாமா?

பதில் 1

விண்டோஸை இப்போது தொடாதீர்கள். ரேம் சரியில்லாதபோது இன்ஸ்டால் செய்தால் காப்பியாகும் ஃபைல்களே பழுதாகிவிடலாம். பயாஸ் அப்டேட்டும் வேண்டவே வேண்டாம், பாதியில் நின்றால் போர்டு போய்விடும்.

ஸ்டாப் கோடு (புளூ ஸ்கிரீனில் வரும் பிழைப் பெயர்) தடவைக்குத் தடவை மாறுகிறது, அதனால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். எக்ஸ்எம்பி ஆனில் இருந்தால் சில போர்டுகள் 3200 ஸ்டிக்கின் புரொஃபைலையே இரண்டுக்கும் போட்டுவிடும். 2666க்கு விற்ற ஸ்டிக் அந்த வேகத்தைத் தாங்காமல் பிட்டுகளைத் தவறவிடும்.

எக்ஸ்எம்பியை ஆஃப் செய்யுங்கள். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ஸ்டிக்குகளை எடுத்து, தங்க நிற முனைகளை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள் போகத் துடையுங்கள். சிபியூவிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டில் "கிளிக்" சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து 4 பாஸ் (முழுச் சுற்று) ஓடவிடுங்கள். பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிடலாம். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்லாட்டில் வைத்துத் தனித்தனியே ஓட்டுங்கள். இரண்டும் தனியாகப் பாஸாகிச் சேர்ந்தால் மட்டும் ஃபெயிலானால், ஜோடி பொருந்தவில்லை அல்லது இன்னொரு ஸ்லாட்டில் கோளாறு.

பதில் 2

டிரைவரையும் தள்ளிவிட முடியாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொரு புளூ ஸ்கிரீனின் பதிவும் (டம்ப்) அதில் சேரும். அதிலுள்ள ஃபைல்களை வின்டிபிஜி என்ற மைக்ரோசாஃப்ட் டூலில் திறந்து அனலைஸ் கட்டளை கொடுங்கள். எல்லா டம்பிலும் ஒரே கிராஃபிக்ஸ் டிரைவர் பெயர் வந்தால், சேஃப் மோடில் டிடியூ (கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கும் டூல்) கொண்டு அதைச் சுத்தமாக நீக்கி, பழைய பதிப்பைப் போடுங்கள். வெறும் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) ஃபைல் பெயர் மட்டும் வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விழுந்த இடம் அது, தள்ளிவிட்டது வேறு யாரோ.

டிரைவர்களைக் கடுமையாகச் சோதிக்கும் விண்டோஸ் டூலான டிரைவர் வெரிஃபையரை ரேம் டெஸ்ட் பாஸான பிறகே ஓட்டுங்கள். பழுதான டிரைவர் சிக்கினால் பூட் ஆகும்போதே புளூ ஸ்கிரீன் திரும்பத் திரும்ப வரும். அப்போது சேஃப் மோடில் நுழைந்து, அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் வெரிஃபையர் ரீசெட் கொடுத்தால் நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்

எக்ஸ்எம்பி ஆனில் முதல் பாஸிலேயே 40க்கு மேல் எரர். ஆஃப் செய்து 4 பாஸ், எரர் பூஜ்யம். டம்புகளில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர்.

பதில் 1

அப்படியென்றால் டிரைவரை விட்டுவிடுங்கள். எக்ஸ்எம்பி ஆஃபிலேயே இருக்கட்டும். வேகத்தை மட்டும் கையால் 2666 என்று வைத்து மறுபடி 4 பாஸ் ஓட்டுங்கள். அது பாஸானதும் அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் டிஸம் ரெஸ்டோர்ஹெல்த், அடுத்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (இரண்டும் பழுதான விண்டோஸ் ஃபைல்களைச் சரிசெய்பவை), கடைசியில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க். இந்த நாட்களில் சேமித்த ஜிப் ஃபைல்களையும் போட்டோக்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கெட்ட ரேம் வழியாகப் போனவை சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். 3200தான் வேண்டுமென்றால் ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் 2x8 கிட் வாங்குங்கள்.